ஒரு பெட்டிக்குள் மூன்று பேர்

அறிவுச்செல்வியின் கம்ப்யூட்டரிலிருந்த ஒன்பதாயிரம் ஜாதகங்களும் போய்விட்டன என்று எங்கள் தெருவில் முதலில் சொன்னவள் நான்தான். மறுக்கவில்லை. எதிர்க்கடையில் உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பவளின் கண்ணுக்கு நேராக ஒரு கடையின் ஷட்டர் காலையிலிருந்து பாதி இறங்கியே இருந்தால், காரணத்தைக் கண்டுபிடித்து நாலு பேரிடம் சொல்வதைத் தவிர வேறென்ன செய்வது?

ராசிபுரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கடை. கணினி ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, ஜெராக்ஸ், அரசாங்க விண்ணப்பம். அறிவுச்செல்விக்கு வயது நாற்பத்தெட்டு. அவள் கணக்கில் நாற்பத்தைந்து. இருபது வருடமாகச் சுற்றுவட்டாரத்தில் பெரியவர், குழந்தை என்று எல்லாருக்கும் ஜாதகம் அச்சடித்துக் கொடுத்தவள். எங்கள் ஆட்களோ வாங்கிப் போன நோட்டைப் பரண்மேல் போட்டுக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணுக்கு வரன் வந்ததும் மறுபடி வந்து நிற்பார்கள். பிறந்த நேரம் கேட்டால், "பால்காரரு வந்துட்டுப் போனதுக்கு அப்பறமுங்க" என்பார்கள். பால்காரர் எத்தனை மணிக்கு வந்தார் என்பது அறிவுச்செல்வியின் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பெட்டியில் ஒரு தொல்லை. ஜாதகப் புரோகிராம் அதிலிருந்த பழைய விண்டோஸில் மட்டும்தான் திறக்கும். அதை எழுதி விற்ற கோயமுத்தூர்க்காரர் காலமாகிவிட்டார். அவர் போட்ட பூட்டு மட்டும் உயிரோடு இருக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் ஏற்றினால் வாயே திறக்காது. அந்தப் பக்கம் பார்த்தால், அரசாங்க விண்ணப்பம் போடும் இணையதளம் ஒன்றுகூடப் பழைய விண்டோஸை மதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு முகூர்த்தத்துக்கு வந்த தங்கை மகன் கௌசிக், பெங்களூரில் பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவன், அதே பெட்டியில் காலியாகக் கிடந்த இடத்தில் புது விண்டோஸை ஏற்றிக் கொடுத்தான். அரை மணி நேர வேலை, இரண்டு டம்ளர் காப்பி. அதன் பிறகு பெட்டியைத் திறந்தால் புதுசு மட்டும் வந்தது. பழசு எங்கே என்று கேட்டதற்கு, "உள்ளதான் இருக்கும் பெரீம்மா, அடுத்த தடவ வாரப்ப பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். படித்த பிள்ளை, அவனை நான் குறை சொல்லக் கூடாது.

திங்கட்கிழமை காலையிலேயே நாமகிரிப்பேட்டையிலிருந்து காளியண்ணன் போன் செய்தார். மஞ்சள் போடும் விவசாயி. மகள் பிரீத்திக்குத் திருச்செங்கோட்டில் நல்ல இடம் அமைந்திருக்கிறதாம். புதன்கிழமை சாயங்காலம் ஜாதகம் கைக்கு வராவிட்டால் மறுநாள் வேறு பெண்ணைப் பார்க்கப் போவதாக மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம். புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பியாக வேண்டும். நோட்டு வழக்கம்போல் கரையானிடம். பிறந்த நேரம் அவருக்கும் நினைவில்லை, அவர் சம்சாரத்துக்கும் நினைவில்லை.

அன்று மத்தியானம் என் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். ஏற்கெனவே ஏழு நகல் வைத்திருக்கிறேன். எட்டாவது இருந்தால் என்ன.

"ஏன் அறிவு, எல்லாம் போயிருச்சாமா?"

"யாருக்கா சொன்னது?"

"தெருவுல பேசிக்கறாங்க."

"நீங்க பேசுனீங்களாக்கும்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "சேலத்து மெக்கானிக்கு ஃபார்மேட் பண்ணிரலாங்கறான். பண்ணுனா சுத்தமாயிருமாம். சுத்தமாத்தான் இருக்கும், காலி பண்ணுன ஊடு மாதிரி."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"பெட்டியத் தொறந்ததும் மொதல்ல ஒரு சின்னப் புரோகிராம் எந்திரிக்குமுங்க்கா. யாரக் கூப்புடறதுன்னு சொல்றதுதான் அதுக்கு வேல. நம்ம பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் மாதிரி வெச்சுக்கங்க. சேலம் பஸ்ஸு எங்க நிக்குது, ஆத்தூர் பஸ்ஸு எங்க நிக்குதுன்னு அவருக்குத் தெரியோணும். கௌசிக்கு ஏத்துனது அந்த டைம் கீப்பரக் கெளப்பிட்டு, தன்னோட கண்டக்டர அங்க உக்கார வெச்சிருச்சு. அவன் அவனோட பஸ்ஸு பேர மட்டும்தான் கத்தறான்."

"பழைய பஸ்ஸு?"

"அதே எடத்துலதான் நிக்குது. கூப்புட ஆளில்ல."

இவ்வளவு தெரிந்தவள் உடனே கையை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. வெளியே ஒரு டிஸ்க்கைச் செருகி, பெட்டியில் இருந்ததை அப்படியே அதில் நகலெடுக்க விட்டாள். அதற்கே திங்கட்கிழமை முழுக்கப் போயிற்று. நானாக இருந்தால் அந்த நேரத்துக்குள் அழுது முடித்திருப்பேன். அவளோ ஒரு நோட்டில் ஒவ்வொரு படியாக எழுதி, முடிந்த படிக்குப் பக்கத்தில் மட்டும் டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டிக்குள் மூன்றாவதாக ஒருவரைக் குடியேற்றினாள். பெயர் லினக்ஸ். காசில்லாமல் கிடைக்கிறதாம், அதோடு வருகிற டைம் கீப்பர், பெட்டிக்குள் இருக்கிற அத்தனை பேரையும் பட்டியல் போட்டுக் காட்டுவாராம். பெட்டியை அணைத்துத் திறந்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பட்டியலில் லினக்ஸின் பெயர் மட்டும்தான் இருந்தது. நேற்றுவரை வந்த புதுசுகூட இல்லை.

"இதுவும் ஒரு கண்டக்டர்தானா?" என்றேன். கொஞ்சம் வாய் அதிகம்தான் எனக்கு.

அவள் முகம் வெளுத்திருந்தது. ஒன்பதாயிரம் பேரின் பிறந்த நேரத்தைத் தொலைத்த கடைக்கு இந்த ஊரில் யார் வருவார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செல்போனில் ஏதேதோ பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். நான் தைக்க வேண்டிய இரண்டு ஜாக்கெட்டை மறந்துவிட்டு நின்றிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"உங்கள மாதிரி ஒரு புரோகிராம் இதுக்குள்ள இருக்குதுங்க்கா. அக்கம்பக்கத்துல யாரு யாரு குடியிருக்காங்கன்னு மோப்பம் புடிக்கறது. பாதுகாப்புக்காக இப்பெல்லாம் அத நிறுத்தி வெச்சுத்தான் குடுக்கறாங்களாம்."

"நிறுத்தி வெச்சா எப்படி?"

"அதத்தானுங்க்கா நானும் கேக்கறேன்."

எங்கேயோ ஒரு கோப்பைத் திறந்து ஒரே ஒரு வரியை மாற்றினாள். ஒரு கட்டளை கொடுத்தாள். திரையில் ஒவ்வொரு பெயராக ஏறியது: இவர் இந்த மூலையில், அவர் அந்த மூலையில். மூன்று பேரும் இருந்தார்கள். அன்று சாயங்காலமே யார் பார்த்தாலும் புரிகிற மாதிரி பழசு, புதுசு என்று பெயரை இங்கிலீஷ் எழுத்தில் மாற்றி, யாரும் எதையும் தொடாவிட்டால் பத்து விநாடியில் பழசே திறக்கும்படி வைத்தாள். பட்டியலைப் போட்டோ எடுத்துக் கௌசிக்குக்கு அனுப்பினாள். அவன் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினான்.

புதன்கிழமை பத்தரைக்குக் காளியண்ணன் வந்துவிட்டார். பக்கத்து அறையில் ஜோசியம் பார்க்கும் சின்னண்ணனும் வந்து நின்றார்; ஜாதகமெல்லாம் போய்விட்டது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அறிவுச்செல்வி பெட்டியைத் திறந்தாள். பட்டியல் வந்தது, பத்து விநாடி ஓடியது, பழைய விண்டோஸ் தன் பழைய பாட்டோடு எழுந்தது. ஜாதகப் புரோகிராமும் திறந்தது. எடுத்த எடுப்பில் அது அந்த நேரத்துக் கோள் நிலையைக் கட்டம் போட்டுக் காட்டும். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

சின்னண்ணன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஏம்மா அறிவு, லக்கினம் மேசம்னு காட்டுது?"

"ஏனுங்கய்யா, தப்புங்களா?"

"வைகாசி பொறந்து அஞ்சு நாளாச்சு. மணி பத்தே முக்கால். கடகம் ஓடிட்டிருக்கோணும். மேசம் விடியறதுக்கு முந்தியே முடிஞ்சு போச்சு. உன்ற பெட்டி மூணு ராசி பின்னால நிக்குது."

காளியண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அப்ப எம் புள்ள சாதகமும் மூணு ராசி தள்ளித்தான் இருக்குமுங்களா? அதக் கொண்டுபோய் அவிய கையில எப்படிக் குடுக்கறது?"

அறிவுச்செல்வி திரையின் மூலையைப் பார்த்தாள், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பெட்டியில அஞ்சே கால் காட்டுதுங்கய்யா. எத்தன மணி வித்தியாசம்?"

"அஞ்சரை" என்றார் சின்னண்ணன். சொன்னவர் அதோடு நிறுத்திக்கொண்டு யோசித்தார். கிரீன்விச் நேரத்தில் அச்சடித்த கோள் அட்டவணையை வைத்துக்கொண்டு முப்பது வருடமாக நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்துக் கழித்துப் பார்ப்பவர் அவர். "அம்மணி, இது லண்டன் நேரமாட்டம் இருக்குது."

"அதேதானுங்கய்யா." அவள் முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. "பெட்டிக்குள்ள கடிகாரம் ஒண்ணுதான். புதுசா வந்த லினக்ஸு அத லண்டன் நேரத்துல திருப்பி வெச்சுட்டு, நமக்குக் காட்டறப்ப அஞ்சரை மணி கூட்டிக்கும். பழசுக்கு அது தெரியாது. கடிகாரத்துல இருக்கறதுதான் நம்ம நேரம்னு நெனச்சுக்குது. மத்தபடி எதுவும் கெடலிங்க."

"எம் புள்ளது?" என்றார் காளியண்ணன். அவருக்கு லண்டனைப் பற்றி என்ன கவலை.

"அவ பொறந்த நேரம் நான் கையால அடிச்சு வெச்சதுங்கண்ணா. கடிகாரம் எப்படி ஓடுனாலும் அது மாறாது. நம்பிக்கை இல்லீன்னா ஐயாவே போட்டுப் பாக்கட்டும்."

பிரீத்தியின் பக்கத்தைத் திறந்து தேதியையும் நேரத்தையும் படித்தாள். மாலை நான்கு ஐம்பத்திரண்டு. சின்னண்ணன் அட்டவணைப் புத்தகத்தை வரவழைத்து, பென்சிலோடு பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குள் அறிவுச்செல்வி பெட்டியை அணைத்து, பட்டியலில் லினக்ஸைக் கூப்பிட்டு, கடிகாரத்தை உள்ளூர் நேரத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி அடித்தாள். மறுபடி அணைத்தாள், மறுபடி பழசைத் திறந்தாள். மணி பதினொன்று பத்து என்றது பெட்டி. கட்டத்தில் கடகம்.

பதினொன்றரைக்குச் சின்னண்ணன் பென்சிலைக் காதில் செருகினார். "எல்லாக் கட்டமும் அப்படியே ஒத்துப்போகுது. தைரியமாக் கொண்டுபோங்க." எனக்கு ஒன்று தோன்றியது. கம்ப்யூட்டர் பிழையைக் கட்டம் பார்த்துச் சொன்னவர் அவர். ஜோசியர் சொன்ன பிழைக்குக் கம்ப்யூட்டரில் வழி கண்டவள் அவள். பெங்களூரில் இதற்கு எத்தனை பேரை வேலைக்கு வைத்திருப்பார்களோ.

அச்சான தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உறையில் போட்டு அறிவுச்செல்வி நீட்டினாள். காளியண்ணன் இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "வாரேனுங்க" என்று சொல்லி அவர் படி இறங்கியபோது பன்னிரண்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

ராகு காலத்தில் ஜாதகம் வாங்க யாரும் வர மாட்டார்கள். ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது. அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பாள் என்று பார்த்தால், மறுபடி விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தாள். ஒன்பதாயிரம் பேரின் பெயரையும், பிறந்த தேதியையும், நேரத்தையும் வெறும் பட்டியலாகத் தனியே எடுத்தாள். மூன்று பேரில் யார் திறந்தாலும் திறக்கிற மாதிரி ஒரு நகல்; கம்ப்யூட்டரே இல்லாவிட்டாலும் இருக்கட்டும் என்று தாளில் ஒரு நகல். அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. இனி எந்தப் பூட்டையும் எந்தக் கண்டக்டரையும் அவள் நம்பியிருக்க வேண்டியதில்லை.

தாள்களை அடுக்கித் தருகிறேன் என்று நான் பக்கத்தில் போனேன். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரின் உண்மையான வயதும் ஒவ்வொரு பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அறிவுச்செல்வி என்னைப் பார்த்தாள், எல்லாத் தாளையும் குப்புறக் கவிழ்த்து, மேலே தன் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கி வைத்தாள்.