ஸ்குரூவுக்கு ஏற்ற பிட்

தொண்ணூற்றாறில் ஜெனிதாவும் அவள் கணவன் பிராங்கும் போத்தனூர் வீட்டில் தாங்களே ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்தார்கள். ஸ்குரூ ஏற்றியதும் தேக்குச் சட்டம் பிளந்துவிட்டது. ஸ்குரூவுக்குப் போட்ட துளை சிறியது என்று புரிந்துகொண்ட ஜெனிதா, ஒரு ஸ்குரூவைக் கையில் எடுத்துக்கொண்டு கோவை டவுன்ஹால் கடைவீதிக்குப் பஸ் ஏறினாள்.

ஹார்டுவேர் கடைக்காரர் கதிரேசன் துளை போடும் டிரில் பிட்டுகளைப் பரப்பினார். அவள் ஒவ்வொன்றையும் ஸ்குரூவுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள். ஒரு பிட் ஸ்குரூவின் நடுத்தண்டை மட்டும் மறைத்தது. மரைகள் இருபுறமும் தெரிந்தன.

"இதுதானுங்க. மரை மட்டும் மரத்தைக் கடிச்சாப் போதும்."

"தலை வெளிய துருத்துமுங்களே அம்மணி?" என்றார் கதிரேசன்.

"அதுக்குப் புனலாட்டக் குழி எடுக்கற கவுண்டர்சிங்க் பிட் குடுங்க. ஸ்குரூவ முடுக்க, தலைல ஆடாம உக்கார்ற ஸ்டார் பிட்டும் வேணுமுங்க."

வீட்டில் பிராங்க் டிரில் மெஷினைப் பிடித்து, புதுச் சட்டத்தில் துளையும் குழியும் போட்டான். ஸ்குரூ லேசாக இறங்கி, தலை மரத்தோடு சமமாக அமர்ந்தது. சட்டம் பிளக்கவில்லை.

"இன்னொண்ணு கொண்டா," என்று அவன் கை நீட்டினான்.

"இது என்ற முறை," என்று ஜெனிதா மெஷினைப் பிடுங்கிக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் பெட்டி முடிந்தது. கேசட்டைப் போட்டதும் அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. பக்கத்து வீட்டு இருதயம்மாள் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் சத்தமா வைங்க," என்றாள்.