ஐந்து குவியல்

இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடங்களாகச் சிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகளில் ரோஸ் நிறம். கீழுதட்டிலும் கொஞ்சம்.

டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "விரல் சூப்பினதால ஒட்டுச்சா, விதையைத் தின்னதால ஒட்டுச்சான்னு சொல்ல முடியலை. எத்தனை உள்ள போச்சுன்னு தெரிஞ்சா நல்லதும்மா. விதையில பூசுற பூச்சி மருந்து சிலது லேட்டாதான் வேலையைக் காட்டும்."

அம்மா தலையாட்டினாள்.

சிட்டுவைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவானபோது, சாப்பாட்டையும் நாமே விளைவிக்கலாம் என்றார் கணவர். முதலில் போட்ட கேரட் சுண்டுவிரல் அளவுக்கு மேல் வளரவில்லை. தக்காளியைப் புழு தின்றது. சிட்டு பெயர் வைத்து வளர்த்த நான்கு கோழிகள் மட்டும்தான் மானத்தைக் காப்பாற்றின. போன வாரம் மக்காச்சோளம் போட்டார்கள். கடைக்காரர் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தார். "தொட்டா கையைக் கழுவிக்குங்க" என்றார். சாயம் ஒட்டும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மீந்த விதை ரோஸ் நிறத்தில் பளிச்சென்று அழகாக இருந்தது. அம்மா அதைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டாள். ஒரு டம்ளரில் ஐம்பது விதை. மேசைமேல் பத்துப் பத்தாகக் குவிக்க வேண்டும்.

இன்று காலை ஜெபம் முடிந்து அந்தப் பாடம்தான். அம்மா துணி உலர்த்தப் போனாள். திரும்பி வந்தபோது டம்ளர் காலி. கேட்பதற்குள் பின்பக்கமிருந்து கணவரின் சத்தம். "எவன் வேலைடா இது? கையில கிடைச்சா தொலைச்சிடுவேன்." வேலியோரம் நான்கு கோழிகளும் காலை நீட்டிக் கிடந்தன. அலகில் ரோஸ் நிறம். கதவருகே நின்று சிட்டு அதைக் கேட்டாள். அப்போது மூடிய வாய்.

போனில் நாத்தனார் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "பள்ளிக்கூடமும் வீட்ல, தோட்டமும் வீட்ல. ஆஸ்பத்திரியையும் அங்கேயே கட்டிக்க வேண்டியதுதானே அண்ணி," என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்று அம்மாவுக்குத் தோன்றியது.

கணவர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு "ஆண்டவரே" என்பதற்கு மேல் வரவில்லை. சிட்டுவின் வாயோரம் எச்சில் பளபளத்தது. எச்சில் அதிகம் ஊறினால் விஷம் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துடைத்தாள்.

"எத்தனைடா தங்கம் சாப்பிட்ட?"

சிட்டு கதவைப் பார்த்தாள். வெளியே அப்பாவின் முதுகு.

அம்மாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கட்டிலருகே மண்டியிட்டு, பாடம் நடத்தும் குரலில் ஆரம்பித்தாள்.

"டம்ளர்ல ஐம்பது விதை. பத்துப் பத்தா வச்சா எத்தனை குவியல்?"

சிட்டு ஐந்து விரலைக் காட்டினாள். பாடத்தில் கேட்டால் அவளால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"முதல் குவியல் என்னாச்சு?"

சிட்டு ஒரு விரலை மடக்கினாள். "கொண்டைக்காரிக்கு."

வராந்தாவில் ஜெபம் நின்றது.

"ரெண்டாவது?"

"கருப்பிக்கு. மூணாவது நொண்டிக்கு. அது மெதுவாத்தான் தின்னுச்சு."

"நாலாவது?"

"குண்டம்மாவுக்கு." உதடு துடித்தது. "அப்பா என்னைத் தொலைச்சிடுவாரா?"

கணவர் உள்ளே வந்து சிட்டுவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார். "அப்பா யாரோ விஷம் வச்சிட்டாங்கன்னு நினைச்சுக் கத்திட்டேன்டி சிட்டு. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்."

செத்தது நான்கு கோழிகள். குவியல் ஐந்து. மீதி பத்து விதை. டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அஞ்சாவது குவியல், சிட்டு?"

சிட்டு வலது கையைத் திருப்பிக் காட்டினாள். நகங்களுக்குள் கறுப்பாக மண். ரோஸ் நிறத்தைப் பார்த்த பயத்தில் அதை யாரும் பார்க்கவில்லை.

"நட்டுட்டேம்மா. குழி தோண்டி, குழிக்கு ஒண்ணா."

"வாயில?"

"ஒண்ணுகூடப் போடலை."