மூன்றாம் அறையில் குண்டுகள் விழுந்த விதம்

இயற்பியல் துறையின் மூன்றாம் அறையில், உள்ளே இருப்பவர்கள் மனதார நம்புகிறபடிதான் பொருள்கள் விழும். மற்ற அறைகளில் ஒரே அளவுள்ள இரும்புக் குண்டும் மரக் குண்டும் ஒன்றாகத் தரையைத் தொடும். இங்கே ஒரே ஒருவர் மனதில் சந்தேகம் இருந்தாலும் இரும்பு முந்திக்கொள்ளும், மரம் சாவகாசமாக வந்து சேரும். பராமரிப்புப் பிரிவுக்குப் புகார் போனது. ஆள் வந்து பார்த்துவிட்டு மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுப் போனார்.

குண்டு வாத்தியார் என்று பெயரெடுத்த ஒல்லியான விரிவுரையாளருக்கு அந்த அறைதான் வாய்த்தது. பல ஆண்டுகள் தொண்டை வறளப் பாடம் நடத்தினார். மாணவர்கள் ‘இரண்டும் ஒன்றாக விழும்’ என்று தேர்வில் அடிக்கோடிட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். மறுநாள் போட்டுப் பார்த்தால் இரும்பு பழையபடி முந்தியது. துறைத்தலைவருக்கு மதிப்பெண்ணே போதுமாயிருந்தது. விரிவுரையாளருக்குத்தான் சோறு இறங்கவில்லை. “நீங்க சொன்னா இந்த வீட்டுல குக்கரே கேக்காது, குண்டா கேக்கப்போகுது?” என்றாள் மனைவி. சுருக்கென்று தைத்தது. சொல்வதை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். கேள்வியைப் போட்டுவிட்டு மேசைமேல் உட்கார்ந்துகொள்வார்; அவர்கள் கை தூக்கி, பக்கத்தில் இருப்பவரோடு சண்டை பிடித்து, மறுபடி கை தூக்கவேண்டும்.

அறை சந்தைக்கடையானது. தலைவர் கொதித்துப்போனார். பதவி உயர்வுக் குழுவின் கண்ணெதிரே குண்டுகள் ஒன்றாக விழாவிட்டால் பேராசிரியர் பதவியும் கிடையாது, ஆராய்ச்சியும் கிடையாது, கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்தினால் போதும் என்று சொல்லிவிட்டார்.

குழு வருவதற்கு முந்தின வாரம் கடைசி பெஞ்சுப் பெண் தன் தோழியை மடக்கினாள். “ஏய், இரும்புக் குண்ட ரெண்டா அறுத்தா ரெண்டும் மெதுவா விழுமா?”

“விழும்.”

“பசை போட்டு ஒட்டினா உடனே வேகம் பிடிச்சிடுமா? பசைக்கு அவ்ளோ கொழுப்பா?”

சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக முன்னால் நகர்ந்தது. விரிவுரையாளர் குண்டுகளைப் போட்டார். ஒரே ‘டொக்’. கீழ்த்தளத்தார் சண்டைக்கு வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தார்.

குழு வந்த அன்று, ‘டொக், டொக்’.

“பாத்தீங்களா!” என்று தலைவர் துள்ளினார். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து தலைவரைப் பார்த்தாள். “சார், நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்.”

தலைவர் வெளியே போனார், ஒரே ‘டொக்’. எட்டிப் பார்த்தார், இரண்டு. குழுவினர், அறிவியல்காரர்கள் ஆயிற்றே, அவரை இன்னும் சில முறை வெளியே அனுப்பி உள்ளே அழைத்துப் பார்த்துவிட்டு, பதவி உயர்வில் கையெழுத்திட்டார்கள். ஆசிரியர் நேர்காணல் எதையும் இனி அந்த அறையில் வைப்பதில்லை என்றும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள்.

அடுத்த பருவம் தலைவரே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். “அதான் நானும் கேக்கறேன், பசைக்கு எப்படித் தெரியும்?” என்று ஒருநாள் அவராகவே முனகினார். குண்டுகள் ஒன்றாக விழுந்தன. யாரும் கைதட்டவில்லை. புதுப் பேராசிரியர் ஒரே நீளக் கயிறுகளில் இரண்டு ஊசல்களைத் தொங்கவிட்டு, கனமானது வேகமாக ஆடுமா என்று கேட்டார். தலைவர் முதல் ஆளாகக் கை தூக்கினார். கனமான ஊசல் உடனே வேகமெடுத்தது.