நெட் போடாமலே வந்த பக்கம்

அன்றைக்கும் மஞ்சள்தான். சவுரியம்மாள் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் கொண்டுவந்தும் பார்த்தாள். மகள் பிரின்சியின் பேர், அதற்குக் கீழே ஒரு நீள நம்பர், அதற்கும் கீழே மஞ்சள் பட்டையில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அந்தப் பட்டை பச்சையானால் பிரின்சிக்கு அரசாங்க நர்சு வேலை. ஆகாவிட்டால் என்னவென்று சவுரியம்மாள் யோசிப்பதில்லை. மாதா படத்தின் முன்னால் இன்னொரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு, போனைச் சேலைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தாள். பெருமுக்கல்லிலிருந்து திண்டிவனம் போகிற ஏழு மணி பஸ்ஸை விட்டால் மண்டியில் அவளுடைய இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

நர்சுப் படிப்பு முடித்த பெண் ஒரகடத்தில் காருக்கு ஒயர் முறுக்குகிற கம்பெனியில் கிடந்தாள். ஹாஸ்டலும் கம்பெனியுடையதுதான். போன் வைத்துக்கொள்ளக் கூடாது, வெளியே போகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையிலிருந்து ஐந்து நிமிஷம் பேசலாம். நல்ல ஹாஸ்டல்! அதனால்தான் பிரின்சி போகும்போது போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"தெனம் காலைல ஒரு வாட்டி பாரும்மா. மொதல்ல நெட்ட போடு. அப்புறம் இந்த கலர் உருண்டைய அமுக்கு. பக்கம் தானா வரும், நீ எதுவும் எழுத வேணாம். பாத்துட்டு ஒடனே நெட்ட நிறுத்திடு, இல்லன்னா நெட் பேக் தீந்துபூடும். பச்சையாச்சின்னா ஹாஸ்டலுக்கு போன் அடி. லெட்டரு கிட்டரு எதுவும் வராது. நாமதான் பாத்துக்கினு இருக்கணும்."

இரண்டு நாள் அப்படியே செய்தாள். மூன்றாம் நாள் நெட் போட மறந்துபோய் உருண்டையை அமுக்கிவிட்டாள். பார்த்தால் பக்கம் வந்து நிற்கிறது! அதே பேர், அதே நம்பர், அதே மஞ்சள். அடி சக்கை என்றிருந்தது அவளுக்கு. நாலு வருஷம் படித்த மகளுக்குத் தெரியாத ஒன்றை ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மா கண்டுபிடித்துவிட்டாள் அல்லவா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் நெட்டையே போடவில்லை. மகள் லீவில் வரும்போது பேக் அப்படியே இருக்கும், "எப்பிடிம்மா?" என்று வாயைப் பிளப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மண்டியில் விதை மல்லாட்டை உரிக்கும்போது பக்கத்தில் உட்காரும் முனியம்மாளிடம் இதைச் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொண்டாள். விதைக்கென்று போகிற வேர்க்கடலையை மிஷினில் உடைக்க மாட்டார்கள், பருப்பில் கீறல் விழுந்தால் முளைக்காது. கட்டைவிரலால்தான் உரிக்க வேண்டும். அந்தக் கை வேகத்துக்குப் பேச்சு இல்லாமல் ஆகாது.

"உம் பொண்ணு வெள்ள கோட்டு போட்டுக்கினு வந்தா எனக்கு மொதல்ல ஊசி போடச் சொல்லுக்கா," என்றாள் முனியம்மாள். "காசு கேக்கக் கூடாது."

"கவருமெண்டு ஆஸ்பத்திரில யாருடி காசு கேக்குறாங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரின்சியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "எங்கூட வேல செய்யிற வெனிலாவுக்கு நர்சு வேல வந்துடுச்சாம்மா. அவ அண்ணன் பாத்து சொல்லிக்கிறாரு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. நீ நல்லா பாத்தியா? பச்சையாவலையா?"

"இன்னிக்கி காலைலகூட பாத்தேன் பாப்பா. மஞ்சளாத்தான் கீது."

"நிச்சயமா?"

"மாதா மேல சத்தியமா. கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாத்துக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"சரிம்மா," என்றாள் பிரின்சி.

அதற்கு மூன்று வாரம் கழித்து போனில் சார்ஜ் ஏறவில்லை. சனிக்கிழமை மண்டி விட்டதும் சவுரியம்மாள் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற பாண்டுரங்கன் செல்போன் கடைக்குப் போனாள். அவன் சார்ஜ் ஊசி போகிற இடத்தை மாற்றி, போனை உயிர்ப்பித்து, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான்.

"என்னாக்கா இது, தொறந்தாலே பழைய பக்கம் வந்து குந்திக்கினு கீது. இது வராம பண்ணி உட்டுடவா? போன் ஜல்தியா தொறக்கும்."

"ஐயோ, அதுல கை வைக்காத தம்பி!" என்று கவுண்டரின் மேல் பாய்ந்துவிட்டாள். "அது தானா வர்றதாலதான் நான் பாக்குறேன். எனக்கு எழுதிப் போட்டு வர வைக்கத் தெரியாது. எம் பொண்ணு வேல அதுலதான் கீது."

"சரி சரி, கோச்சிக்காத. நெட் வேல செய்யிதான்னு மட்டும் பாக்குறேன்." கடையின் வைஃபையைப் போட்டு, பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தான். ஒரு வட்டம் சுற்றியது. பட்டை பச்சையாக வந்தது.

சவுரியம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. "சேசுவே! வந்துடுச்சா? தம்பி, வந்துடுச்சா?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனும் சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தான். பாதியில் சிரிப்பு நின்றது.

"அக்கா, பதினாலாந்தேதி சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கினு விழுப்புரம் வரச் சொல்லிக்கிறாங்க. இன்னிக்கி முப்பது."

"நான் தெனம் பாத்தேன் தம்பி. இன்னிக்கி காலைலகூட மஞ்சளா இருந்துது."

"நெட்ட போட்டு பாத்தியா?"

"போடாமலே பக்கம் வருதே தம்பி."

"அது போட்டோ மாரிக்கா. நீ கடசியா நெட்டு போட்டப்ப என்னா இருந்துதோ அதையே காட்டிக்கினு இருக்கும். நெட்ட போட்டு இழுத்தாத்தான் இன்னிக்கி கீறது வரும்."

நல்ல மனுஷன் அவன். பக்கத்தின் அடியில் இருந்த நம்பருக்குத் தன் போனிலிருந்தே பேசினான். யாரோ எடுத்தார்கள். வராதவர்கள் இடத்துக்கு அடுத்த ஆளைப் போட்டு ஆர்டரும் கொடுத்தாகிவிட்டதாம். பாண்டுரங்கன் சார்ஜ் வேலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

ராத்திரி முழுக்க ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். தப்பு பண்ணிட்டேன் பாப்பா. உன் வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டேன் பாப்பா. பொய்ச் சத்தியமும் பண்ணிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னால் ஐந்து ஜெபத்தோடு மன்னித்துவிடுவார். பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும், "பாப்பா, அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தாள்.

"அத இனிமே பாக்காதம்மா, உட்டுடு. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, எடுக்கணும்னா வெனிலாகூடவே எடுத்துருப்பாங்க. நமக்கு ராசி இல்ல. இங்க மூணு வருசத்துக்கு கையெழுத்து போட்டுட்டேன். நெசமா சொல்றேம்மா, இப்பத்தான் நிம்மதியா கீது. வந்துருமா வந்துருமான்னு ஒயர் முறுக்கிக்கினே அதே நெனப்பு. இப்ப அது இல்ல. நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. போன்ல சார்ஜ் ஏறாம இருந்துது. சரி பண்ணிட்டேன்."

திங்கட்கிழமை மண்டியில் அவள் கை ஓடவே இல்லை. எதிரில் குவிந்திருந்த மல்லாட்டையில் பாதிகூடக் குறையவில்லை. மகள் ஜெயித்தது உலகத்தில் யாருக்குமே தெரியாமல் போய்விடும் என்பதுதான் அவளை உறுத்தியது. மகளிடம் சொல்ல முடியாது. சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும். மடியிலிருந்து போனை எடுத்து, உருண்டையை அமுக்கி, முனியம்மாளின் பக்கம் நீட்டினாள்.

"பாரு."

முனியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நிறம் தெரியும். "அடியே, பச்சை!" என்று கத்தினாள். "ஏய், எல்லாம் இங்க பாருங்க, நம்ம சவுரி பொண்ணுக்கு வேல வந்துடுச்சி! சக்கரைக்கு எங்க போறது இப்ப?" என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உரித்த குவியலில் நல்ல முழுப் பருப்பாக ஒன்றைப் பொறுக்கி, சவுரியம்மாளின் வாயைத் திறந்து உள்ளே போட்டாள்.

"எப்பக்கா சேரணும்?"

உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துச் சிரித்தார்கள். சவுரியம்மாள் அந்தப் பருப்பை மென்றுகொண்டே இருந்தாள்.