கூட்டிய பஞ்சு

விடியும் முன்னே மில்லுச் சங்கு ஊதிவிடும். ஷெட்டுக் கதவைத் திறந்தால் நேற்றைய தூசி இன்னும் இறங்காமல் நிற்கும். நானும் நெட்டையும் எதிரெதிரே உட்கார்ந்து பஞ்சை உதறிச் சருகு பொறுக்குவோம். நெட்டை என்பது அவள் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர். புருவம், மூக்கு, முந்தானை எல்லாம் வெள்ளையாகிவிடும். தொண்டை நாள் முழுக்க நமநமக்கும்.

அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? அவள் பையனும் என் மகளும் ஒரே வார்டில், ஒரே மூச்சிழுப்புக்குப் படுத்தவர்கள். ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் தெருவில் பம்பரமாய்ச் சுற்றுகிறான். என் மகள் இரண்டே மாதத்தில் மூன்றாம் தடவையாக ஆஸ்பத்திரிக் கட்டிலில். பகலில் அவள் அப்பா காவல், சாயங்காலம் நான். ஒரு வேளை மருந்து தவறவிட்டதில்லை. நெட்டைக்கு மட்டும் என்ன கொடுப்பினை என்று பொருமினேன், குத்திப் பேசினேன். அவளோ என் பங்குச் சருகையும் சேர்த்துப் பொறுக்கினாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஒன்றில் மட்டும் நான் உசத்தி. முதலாளி ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு மூட்டை, தரையில் கூட்டிய பஞ்சை இனாமாகத் தருவார். தூசி இழுக்கிற ஃபேன் கேட்டு வாயாடிய நெட்டைக்கு அது கிடையாது. என் மூட்டையில் மகளுக்கு மெத்தென்று தலையணை தைத்தேன். ஆஸ்பத்திரிக்கும் அதையே தூக்கிப் போனேன்.

அன்று மாலை நர்ஸ் அதைத் தட்டிப் போட்டாள். ஜன்னல் வெயிலில் தூசி புகையாய் எழுந்தது. மகள் விடாமல் இருமினாள்.

"இதுல என்ன வச்சிருக்கே?"

"எங்க மில்லுப் பஞ்சு."

நர்ஸ் தலையணையை வராந்தாவுக்கு எடுத்துப் போனாள். "வீட்டுக்குப் போன பிள்ளைங்க திரும்பி வர்றது பெரும்பாலும் இழுப்பு, நெஞ்சுச்சளி, வயித்துப்போக்குக்குத்தான். இழுப்புல பாதிப் பேரு உங்க மில்லுத் தெரு. தூசி தலமாட்டுலயே இருந்தா மருந்து என்னம்மா செய்யும்?"

நெட்டை வீட்டில் இந்தத் தலையணை இல்லை; அவளுக்குத்தான் மூட்டை கிடையாதே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெற்ற கையாலேயே பிள்ளைக்கு மூச்சை அடைத்திருக்கிறேன். தலையணையைத் தூக்கிக்கொண்டு நேரே நெட்டை வீட்டுக்குப் போய்ப் பொறாமை உட்பட எல்லாவற்றையும் கொட்டி அழுதேன்.

"தெரியும்டி. நீ பாத்த பார்வையில எனக்கே காய்ச்சல் வந்துச்சு," என்றாள். "சரி, இந்தத் தலகாணி எத்தனை வீட்ல இருக்கு?"

மறுநாள் சங்கு ஊதியும் யாரும் பஞ்சைத் தொடவில்லை. முதலாளி அறை வாசலில் இருபத்தாறு தலையணைகள் கிடந்தன. தூசி இழுக்க ஃபேனும், குளித்துவிட்டு வீட்டுக்குப் போக ஓர் அறையும் வேண்டுமென்றாள் நெட்டை.

"உன் பிள்ளை நல்லாத்தானே இருக்கான்? நீ ஏன் துள்ளுறே?" என்றார் முதலாளி.

நெட்டைக்கு முன் நான் வாய் திறந்தேன். "அவ பிள்ளை மாதிரி எங்க பிள்ளைங்களும் ஓடணும். அதுக்குத்தாங்க."

முதலாளி எங்களை வெளியே அனுப்பிக் கேட்டைப் பூட்டச் சொன்னார். நாங்கள் வெளியே தலையணைகளோடு வரிசையாக உட்கார்ந்தோம். மாலையில், நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன், நெட்டை தெருக்குழாயடியில் என் தலையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டாள்.

மகள் என் ஈரத் தோளில் சாய்ந்துகொண்டு, "தலகாணி எங்கம்மா?" என்றாள்.

"மில்லு வாசல்ல, மத்த தலகாணிங்களோட உக்காந்திருக்கு," என்றேன்.