இரண்டு கரையிலும் என் பிள்ளைகள்

என் மகள் லெபொசாவாவை பெல்கிரேடில் கட்டிக்கொடுத்தபோது, எங்கள் ஊரான ஸெமுனில் ஒருவர்கூட அதை வெளிநாட்டுச் சம்பந்தம் என்று சொல்லவில்லை. நாங்கள் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் குடிகள், அவர்கள் செர்பிய மன்னரின் குடிகள். நடுவே சாவா நதி ஓடியது, அவ்வளவுதான். அடுப்பில் ஏற்றிய சூப் கொதிப்பதற்குள் படகு அக்கரை சேர்ந்துவிடும். பேச்சும் ஒன்று, கோயிலும் ஒன்று. மாப்பிள்ளை மிலோயே அங்கே அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். என் மகன் தோஷா இங்கே சக்கரவர்த்தியின் பீரங்கிப் படையில் கட்டாயச் சேவையில் இருந்தான். கணவர் போனபின் படகுக்காரர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்துவந்தேன்.

1914 ஜூன் கடைசியில் சரயேவோவில் பட்டத்து இளவரசரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் செர்பியன், எங்கள் இனத்தான். சில நாளில் என் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி ரெஸி வேலியோரம் வந்து நின்றாள். எனக்குப் பிரசவம் பார்த்தவளே அவள்தான்.

"கண்ணாடிதானே போச்சு பெர்சிதா. எங்க இளவரசருக்கு உசுரே போயிடுச்சு."

"நானா சுட்டேன் ரெஸி?"

"நீ சுடல. உங்க ஆளுங்க சுட்டாங்க."

'உங்க ஆளுங்க' என்ற சொல் அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை. அன்றிலிருந்து தெருவில் நான் குரலைத் தாழ்த்திப் பேசினேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. கொலைக்குக் கணக்குக் கேட்டு செர்பியாவுக்கு ஆஸ்திரியா விதித்த கெடு மாலை ஆறு மணியோடு முடிகிறது என்று பேச்சு. லெபொசாவா நிறைமாத கர்ப்பிணி. அவளை என் வீட்டுக்கே கூட்டிவந்துவிடலாம் என்று காலையிலேயே படகு ஏறினேன்.

எதிரே பெல்கிரேடுக்குத் திரும்பும் பன்றி வியாபாரி ஒருவர். அவருக்குப் பக்கத்தில் ஸெமுனில் சேணக்கடை வைத்திருப்பவர்.

"ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் வியாபாரி. "ஆஸ்திரியாக்காரன் எங்க மேல கை வெச்சா ரஷ்யா சும்மா விட்டுடுமா?"

"ரஷ்யா வந்தா ஜெர்மனி வேடிக்கையா பாக்கும்?" என்றார் சேணக்கடைக்காரர்.

"வரட்டுமே. அதுக்குத்தான் பிரான்ஸ் இருக்கு."

"நல்லா இருக்கு நியாயம்," என்றேன் நான். "சாராயக்கடையில ஒருத்தன் இன்னொருத்தன் சட்டையைப் பிடிச்சா, ரெண்டு பேரோட அண்ணன் தம்பியும் வந்து கடையையே உடைப்பாங்களே, அந்த மாதிரி."

மூவரும் சிரித்தோம். ஆனால் இறங்கும்போது அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பெல்கிரேடில் கூட்டம் கூட்டமாகப் பாடிக்கொண்டு போனார்கள். மிலோயே தூங்காத கண்களோடு கதவைத் திறந்தான்.

"பயப்படாதீங்க அத்தை. இந்தத் தடவை நாம தனியா இல்ல. ரஷ்யா நம்ம பின்னால நிக்குது."

"பின்னால நிக்கிறவன் மேல குண்டு படாது மாப்ளே. முன்னால நிக்கப்போறது யாரு?"

துணியை எடுத்து விரல்களிலிருந்த மையைத் துடைத்தான். பிறகு, "தோஷா இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டான்.

"பெட்ரோவாராதின் கோட்டையில. ஸெமுனுக்கு மாத்தப்போறாங்களாம்."

தலையாட்டிவிட்டு மீண்டும் துடைத்தான். விரல்களில் மை போய்விட்டிருந்தது. அவன் முகத்தில் கோபம் துளியும் இல்லை. என் மகன் எதிர்ப்பக்கம் நிற்கப்போவதைப் பற்றி ஏற்கெனவே அவன் யோசித்து வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

மனைவியை அனுப்ப அவன் மறுக்கவில்லை. சாயங்காலம் மூட்டையோடு துறைக்குப் போனோம். படகின் பலகை அருகே ஸெமுன் காவலர் நின்றிருந்தார். எங்கள் சீட்டுகளைப் பார்த்தார்.

"நீங்க ஏறுங்க. இவங்க செர்பியப் பிரஜை. ஏத்த முடியாது."

"என் பொண்ணுங்க. ஸெமுன்ல பொறந்தவ."

"பொறந்தது எங்க வேணா இருக்கட்டும். வாக்கப்பட்டது இங்கதானே?"

"வயித்தைப் பாருங்கய்யா."

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சீக்கிரம் முடிவு பண்ணுங்க. அடுத்த படகு இருக்கான்னு எனக்கே தெரியாது."

"நீ போம்மா," என்றாள் லெபொசாவா. "தோஷா வந்தா வீடு பூட்டிக் கிடக்கும்."

பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். பலகையில் ஒரு காலை வைத்துவிட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். படகு விலகியது. பெற்ற மகனை அக்கரையில் விட்டுவிட்டேன் என்ற எண்ணம் அதன் பிறகுதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் பாலத்தின்மேல் ரயில் ஒன்று போனது. ஆஸ்திரியத் தூதர் குடும்பத்தோடு போகிறார் என்றார்கள். இனி பேச்சுவார்த்தை இல்லை, போர்தான் என்று துறையில் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கும் புரிந்தது.

அடுத்த வாரமே போர் அறிவித்துவிட்டார்கள். பாலத்தைத் தகர்த்தார்கள். ஸெமுன் பக்கமிருந்து குண்டுகள் வரத் தொடங்கின. முதலில் புதுத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம், பிறகு தரை அதிரும். அண்டை வீட்டுப் பெண்களோடு நிலவறைக்குள் ஒடுங்கினோம். ஒவ்வொரு குண்டுக்கும் அவர்கள் சபித்தார்கள்.

"சுடுறவன் கை விளங்காம போகட்டும்."

"அவன் தாய் வயிறு எரியட்டும்."

நான் வாயே திறக்கவில்லை. அந்தக் கை தோஷாவின் கையாக இருந்தால்? என் மகன் எந்தப் படையில் இருக்கிறான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மகளையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பார்கள். லெபொசாவா இருட்டில் என் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குண்டுக்குப் பயந்தோமா, பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பயந்தோமா, தெரியவில்லை.

மிலோயே கையில் துப்பாக்கி கொடுத்து நகரக் காவலில் நிறுத்தினார்கள். எங்களை அவன் கிராகுயெவாட்ஸுக்கு ரயிலேற்றிவிட்டான். அங்கே ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பேரன் பிறந்தான். அதற்குள் ஜெர்மனி, ரஷ்யா, பிரான்ஸ், இங்கிலாந்து என்று ஒவ்வொன்றாகப் போரில் இறங்கிவிட்டன. சாராயக்கடை உடைந்துவிட்டது.

ஆகஸ்டு முடிவில் ஆஸ்திரியக் கைதிகளைத் தெருவழியே நடத்திப் போனார்கள். ஊரே திரண்டு பார்த்தது. நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். தோஷா அதில் இருந்துவிடக் கூடாதே என்றும் பயம், இல்லாமல் போய்விடக் கூடாதே என்றும் பயம். கால் நொண்டி வந்த ஒருவன் எங்கள் பேச்சிலேயே தண்ணீர் கேட்டான்.

"எந்த ஊருப்பா?"

"ரூமா. ஸெமுன் பக்கம்தான்."

குவளையைக் கொடுத்துக்கொண்டே காதோரம் கேட்டேன். "பீரங்கிப் படையில தோஷான்னு ஒருத்தன். செம்பட்டை முடி. சிரிச்சா கண்ணே தெரியாது."

"தெரியும். நல்லாத்தான் இருக்கான். ஸெமுன் மேட்டுல அவங்க பீரங்கி. பெல்கிரேடை அடிச்சுக்கிட்டே இருக்காங்க."

காவலன் அவனை நெட்டித் தள்ளினான். உயிரோடு இருக்கிறான் என்று முதலில் நெஞ்சு குளிர்ந்தது. மறுகணமே மிலோயேயின் முகம் நினைவில் வந்தது.

பள்ளிக்கூடத்தில் லெபொசாவா பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தோஷா உசுரோட இருக்கான்டீ."

"எங்க?"

"ஸெமுன்ல."

அவள் குழந்தையின் காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

அக்டோபரில் செய்தி வந்தது. ஆற்றங்கரைக் காவலில் இருந்தபோது அக்கரைக் குண்டு விழுந்து மிலோயே செத்துப்போனான்.

போர் முடிந்தபோது இரு கரையும் ஒரே நாடாகியிருந்தன. நானும் மகளும் பேரனும் என் பழைய வீட்டுக்கே வந்துசேர்ந்தோம். அந்தக் குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் தோஷா வந்தான், எலும்பும் தோலுமாக. கதவைத் திறந்தவள் லெபொசாவா. அவள் வழிவிடவில்லை.

"சண்டையோட முதல் வருஷம் அக்டோபர்ல நீ எங்க இருந்தே?"

"ஸெமுன்லதான். மேட்டுல."

"நீ சுட்டியா?"

"எல்லாரும் சுட்டோம்க்கா. எது எங்க விழுந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது."

நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றுவிட்டேன். வாடைக்காற்று வீட்டுக்குள் புகுந்து அடுப்புச் சாம்பலைக் கிளப்பியது.

"உள்ள வந்து கதவைச் சாத்து," என்றாள் கடைசியில். "புள்ளைக்குக் குளிருது."

அதற்குப்பின் இந்த வீட்டில் அந்தப் பேச்சு எழுந்ததில்லை. அவன் படகுத்துறையில் வேலை பார்க்கிறான். அவள் அவன் சட்டையைத் தோய்த்துப் போடுகிறாள். ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஆனால் அவர்கள் இருவரையும் தனியே விட்டுவிட்டு வெளியே போக இன்றைக்கும் எனக்குத் துணிச்சல் இல்லை. சந்தைக்குப் போவதென்றால் இருவரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.