அமுதசுரபியில் பரிமாறியவள்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் வேலைக்கு ஆள் எடுக்கிற முறை தனி. முதலில் ஊர் கேட்பார்கள். பிறகு ஊருக்குள் எந்தப் பக்கம், ஆருடைய சொந்தம் என்று விசாரணை போகும். எல்லாம் முடிந்து, பால் விடாத பிளேன்ரீயும் ஆறிய பிறகுதான் உண்மையான கேள்வி வரும்: "முந்தி எங்கை வேலை செய்தனீங்கள்?" இந்தக் கேள்விக்குச் சரியான விடை, பழைய முதலாளியை எடுத்து நன்றாக வறுப்பது. லீவு தரமாட்டார், பழைய எண்ணெயில் வடை சுடுவார், மனிசியோடு வாய்காட்டுவார் என்று அடுக்க வேண்டும். தன்னைவிட மோசமான ஒருவன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான் என்று தெரிந்தால்தான் கேட்கிற முதலாளிக்கு மனம் குளிரும். மனம் குளிர்ந்தால் வேலை கிடைக்கும்.

இது தயாளினிக்குத் தெரியாதது அல்ல. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவளுக்கு வாய்த்த ஆலோசகர் ஜெனவியேவ் என்கிற வெள்ளைக்காரப் பெண் வேறு பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டாள். நேர்முகத்துக்குப் போனால் பழைய முதலாளியைப் பற்றி ஒரு குறையும் சொல்லக்கூடாது, நாளைக்குத் தங்களைப் பற்றியும் இவள் இப்படித்தான் சொல்வாள் என்று நினைத்துவிடுவார்களாம். தயாளினி பிரெஞ்சு அலுவலகத்தில் யார் எதைச் சொன்னாலும் வேதவாக்காக எடுக்கிறவள். போதாக்குறைக்கு, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஊரில் படித்தும் இருக்கிறாள். இரண்டும் சேர்ந்து அவள் வாயைப் பூட்டிவிட்டன.

வேலை அவளுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. புரட்டாதிக்குள் வதிவிடக் கார்ட் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். நாங்கள் எல்லாரும் கொன்ரா, கொன்ரா என்று வாயில் போட்டு மெல்லுவது அதைத்தான். அது இல்லாவிட்டால் கார்ட் இல்லை. கார்ட் இல்லாவிட்டால், இவ்வளவு காலமும் புறநகர் ஆர்ஜொந்தெயிலிருந்து ரயிலில் இடிபட்டு வந்து வாழ்ந்த வாழ்க்கைக்கே அர்த்தமில்லை.

அவளுடைய பழைய இடம் 'அமுதசுரபி'. கலியாணம், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் சாப்பாடு எடுத்துச் செய்கிற கடை. முதலாளி தில்லையம்பலம். போன வருஷம் ஆடி மாதம், பொண்டியில் ஒரு மண்டபத்தில் றொனால்ட் என்பவரின் மூத்த மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. பெண்பிள்ளை பல்லக்கில் வந்தது. கேக் ஐந்து அடுக்கில் வந்தது. அமுதசுரபியின் ஆட்டிறைச்சிக் கறி வந்தது. கேக் வெட்டுவதற்கு முன்பே சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது.

வீடியோக்காரர் கிறிஸ்தோப்பர் கடமை தவறாதவர். கழிப்பறை வாசலில் பட்டுச்சேலைகளும் கோட்சூட்டுகளும் வரிசையாக நின்றதையும் விடாமல் எடுத்து, நாதஸ்வரம் போட்டு, சுடச்சுட இணையத்திலும் ஏற்றிவிட்டார். அதில் ஒரு காட்சி வரும். தயாளினி சிரித்த முகத்தோடு தாய்மாமனின் சாப்பாட்டுக் கோப்பையில் கறி போடுவாள். அடுத்த காட்சியில் தாய்மாமன் ஓடுவார். இந்த இரண்டையும் ஒட்டியது கிறிஸ்தோப்பரின் கலைத்திறமை. அன்றிலிருந்து லா சப்பலுக்கு அவள் பெயர் தயாளினி இல்லை, 'கறி போட்ட பிள்ளை'.

நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். காலையிலேயே காய்ச்சிய கறிக் கிடாரங்களை மண்டபத்துக் குளிர்பெட்டியில் வைக்க இடமில்லை, கேக் இருந்தது. தில்லையம்பலம் அவற்றை ஏற்றி வந்த வானுக்குள்ளேயே பின்னேரம் வரைக்கும் விட்டுவிட்டார். தயாளினி சொன்னாள்தான்.

"அண்ணை, வான் வெயிலுக்கை நிக்குது."

"உது ஒரு வெயிலே, பிள்ளை? நாங்கள் பாக்காத வெயிலே? பாரிஸ் வெயிலுக்குப் பப்படமும் காயாது."

யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த மனிதரின் இந்த ஒரு இறுமாப்பில்தான் அத்தனை பேரின் வயிறும் கலங்கியது. பரிமாறும்போது, திரும்பச் சூடாக்கிய கறி கொதிக்கக் கொதிக்க இருந்ததால், சரியாக்கும் என்று அவளும் நம்பிவிட்டாள்.

வேலைக்கு முதலில் நகைக்கடையில் கூப்பிட்டார்கள். முதலாளி கரிகாலன் அவளுக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து சுற்றி நின்றார்கள்.

"சொல்லும் பிள்ளை, அண்டைக்கு உண்மையிலை என்ன நடந்தது?"

"எனக்குத் தெரியாது அண்ணை. நான் பரிமாறினது மட்டும்தான். அவர் நல்ல முதலாளி."

வந்தவர்களின் முகம் வாடிவிட்டது. அவலை எதிர்பார்த்து வந்த வாய்கள் வெறும் வாயோடு திரும்பிப் போயின. அவள் படி இறங்கும்போது கரிகாலன் சொன்னது அவள் காதில் விழுந்தது: "உந்தாளைப் போய் நல்லவர் எண்டுது. அப்ப இவவுக்கும் உதிலை பங்கிருக்கு."

புடவைக்கடை பேர்ளி அக்கா இன்னும் வெளிப்படையாகப் பேசினாள். "குறை நினையாதையும். நீர் எடுத்துக் குடுத்தால் சனம் சீலையைத் தொடவே பயப்பிடும்." காஞ்சிபுரம் சேலையால் வயிற்றோட்டம் வந்ததாக மருத்துவ உலகம் இதுவரை அறிந்ததில்லை. கடைசியில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் சிற்றுண்டிச்சாலைக்கும் போனாள். அங்கிருந்த நீக்கிலாஸ் என்பவர் அமுதசுரபியின் பெயரைக் கணினியில் தட்டினார். ஒற்றை நட்சத்திரங்கள் வரிசையாக வந்தன. "இவரை நல்ல முதலாளி என்கிறீர்களா, மதாம்?" என்று கேட்டார். அவள் ஓம் என்றாள். அந்த நேர்முகம் அத்தோடு முடிந்தது.

இதற்கிடையில் தில்லையம்பலத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அமுதசுரபியை இழுத்து மூடினார். அதே இடத்தில் மனைவி கோசலையின் பெயரில் 'அன்னை மங்களம்' என்று போர்ட் போட்டார். ஆவணியில் பிள்ளையார் தேர் வந்தபோது தண்ணீர்ப்பந்தல் வைத்து மோர் ஊற்றினார். ஒலிபெருக்கி அவர் பெயரை மூன்று தரம் சொன்னது. போன வருஷம் வயிற்றைப் பிடித்தவர்களே வரிசையில் நின்று மோர் குடித்து, "மனிசன் திருந்தீட்டுது" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு செம்பு மோரில் அவர் பாவம் கழுவுப்பட்டுப் போய்விட்டது. தயாளினிக்குப் பந்தல் போட வசதியில்லை.

புரட்டாதியும் பிறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவள் அன்னை மங்களத்தின் படி ஏறினாள். மேசைக்கு அந்தப் பக்கம் கோசலையும் தில்லையம்பலமும் இருந்தார்கள்.

"முந்தி எங்கை வேலை செய்தனீர்?" என்று கேட்டார் தில்லையம்பலம்.

அவள் அவரை வடிவாகப் பார்த்தாள். "அண்ணை, உங்களிட்டைத்தானே."

"அது எனக்குத் தெரியும். இப்ப இவதான் முதலாளி. இவவுக்குச் சொல்லும்."

"அமுதசுரபியிலை, அக்கா."

கோசலை பேனையை மூடினாள். "ஐயோ, அங்கையே? அங்கை நிண்ட ஆக்களை நாங்கள் எடுக்கிறேல்லை. கடைக்குப் பேர் கெட்டுப்போம்."

"கோவியாதையும் தங்கச்சி," என்றார் தில்லையம்பலம், உண்மையான கவலையோடு. "நான் போர்டை மாத்திப்போட்டன். உம்மடை முகத்தை என்னெண்டு மாத்திறது?"

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எழும்பித் திரும்பினால் வாசலில் றொனால்ட். இளைய மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மையாம், சாப்பாட்டுக்குச் சொல்ல வந்திருக்கிறார். அவளைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"என்ன தில்லையண்ணை, இந்தப் பிள்ளையைத் திரும்ப எடுத்திட்டீங்களே? பிழை விட்டது வேலையாக்கள்தான் எண்டு தேருக்கை சொன்னீங்கள்?"

தயாளினி நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு வருஷமாக ஊர் முழுக்கக் கேட்டும் திறக்காத வாய் அது. இந்த மனிதரைக் காப்பாற்றுவதற்காகவே பூட்டி வைத்திருந்தாள். அவரோ அவளைத் தேர்வீதியில் விற்றுவிட்டு மோர் ஊற்றியிருக்கிறார்.

"றொனால்ட் அண்ணை," என்றாள் நிதானமாக, "அண்டைக்கு அந்த வானுக்கை..."

"கோசலை!" தில்லையம்பலம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "கொன்ராவை எடு. பிள்ளையை எடுத்தாச்சு. இண்டைக்கே கையெழுத்து வைப்பம்."

"என்ன, வானுக்கை?" என்றார் றொனால்ட்.

"வானுக்கை வடிவா உதவி செய்த பிள்ளை எண்டு சொல்ல வந்தது," என்றார் தில்லையம்பலம். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. பாரிஸில் அவருக்கு வேர்த்து அன்றுதான் பார்த்தார்கள்.

கோசலை கடதாசியை நீட்டினாள். தயாளினி அவசரப்படவில்லை. நிரந்தர வேலை, முழுநேரம் என்று போட்டிருக்கிறதா என்று வரிவரியாக வாசித்தாள். போட்டிருக்கவில்லை. எழுதுவித்தாள். கையெழுத்து வைத்து, மடித்து, கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினாள்.

றொனால்டுக்குப் பொறுமை போய்விட்டது. "பிள்ளை, வானுக்கை என்ன?"

"முதலாளியைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது அண்ணை. எனக்கு அப்பிடித்தான் படிப்பிச்சவை." அவள் மேசையிலிருந்த உணவு அட்டையை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "ஆனால் மகளின்ரை முதல் நன்மைக்கு நீங்கள் சைவமாச் செய்யுங்கோ."

"வேதக்காரர் வீட்டுக் கொண்டாட்டத்திலை சைவமோ? இறைச்சி இல்லாமலோ?"

"ஓம் அண்ணை. சைவம்தான் நல்லது."

றொனால்ட் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே, வெயிலில் நின்ற வானைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் தில்லையம்பலத்தைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன சொல்லுறியள், தில்லையண்ணை?"

தில்லையம்பலம் புதிதாக எடுத்த ஊழியரின் கைப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பிள்ளை சொல்லுறதுதான் சரி. சைவம்."